காதுக்குத் தெரியாத கடன்

லெட் செப்பலினின் இரண்டாவது ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு ஜிம்மி பேஜின் கிட்டார் போதும், வேறெதுவும் காதில் விழாது. இன்னொரு கட்சி "எல்லாம் சுட்டது மச்சி" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடும். எனக்கு இரண்டுமே அவசரத் தீர்ப்பாகத்தான் படுகிறது.

1969 அக்டோபரில் வந்தது அந்த ஆல்பம். முதல் பாட்டு 'ஹோல் லாட்டா லவ்'. அதன் ரிஃப் பேஜுடையதுதான். கனமாக, பிடிவாதமாக, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி ஆளை உட்காரவைத்துவிடும். ஆனால் அதன்மேல் ராபர்ட் பிளான்ட் பாடும் வரிகளில் பல, சிகாகோவின் வில்லி டிக்சன் எழுதியவை. மடி வாட்டர்ஸ் 1962-இல் பாடிய 'யூ நீட் லவ்' பாட்டிலிருந்து வந்தவை. லேபிளில் டிக்சன் பெயர் இல்லை. 1985-இல் அவர் வழக்குப் போட்டார். இரண்டு வருஷம் கழித்துச் சமரசமானது. இப்போது அவர் பெயரையும் போடுகிறார்கள்.

ப்ளூஸே கடன் வாங்கி வளர்ந்த இசைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மிசிசிப்பியின் பருத்திக் காடுகளில் ஒருத்தர் பாடிய வரியை இன்னொருத்தர் எடுத்துத் தன் துக்கத்துக்குப் பாடிக்கொண்டார். யாரும் ரசீது கேட்கவில்லை. ஆனால் அங்கே வரியோடு சேர்ந்து பணம் கைமாறவில்லை. ரெக்கார்டு லேபிளில் அச்சாகும் பெயர் அப்படியில்லை, ராயல்டி அந்தப் பெயருக்குத்தான் போகும். அதோடு, அதே வருஷம் ஜனவரியில் வந்த முதல் ஆல்பத்தில் இதே குழு இரண்டு பாட்டுகளுக்கு டிக்சன் பெயரைப் போட்டிருக்கிறது. தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்ல வழியில்லை.

சரி, இதெல்லாம் தெரிந்த பிறகும் அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கலாமா? பிடிப்பதற்கு யாரிடமும் அனுமதி வாங்க முடியாது. ரிஃப் தொடங்கியதும் தலை தானாக ஆடும். தலைக்கு வழக்கு விவரமெல்லாம் தெரியாது. ஆனால் வாயைத் திறந்து "என்ன ஒரிஜினல்டா!" என்று சொன்னால் அது வெறும் ரசனை இல்லை, சாட்சி. இதை யார் செய்தார்கள் என்று இன்னொருவருக்குச் சொல்கிறேன். ரசிப்பவனுக்கு இல்லாத பொறுப்பு சாட்சி சொல்பவனுக்கு உண்டு.

அந்தப் பொறுப்பு "சுட்டது" கட்சிக்கும் இருக்கிறது. அவர்கள் கணக்கு டிக்சனோடு நின்றுவிடுகிறது. 'யூ நீட் லவ்' பாட்டைத் தேடிக் கேளுங்கள். வாட்டர்ஸின் குரல் அவசரமே இல்லாமல் வரும். அதன் அடியில் ஓடும் இசை முன்பே பதிவானது. வாசித்தது ஏர்ல் ஹூக்கரும் அவர் குழுவும். குரலைப் பிறகுதான் ஏற்றினார்கள். முதல் ஆல்பத்தில் ஒழுங்காகப் பெயர் போட்ட 'யூ ஷுக் மீ' பாட்டின் கதையும் இதேதான். ஹூக்கர் ஸ்லைடு கிட்டாரில் வாசித்து வைத்திருந்த மெட்டின் மேல்தான் வாட்டர்ஸ் பாடினார். எழுதியவர்கள் என்று லேபிளில் இருக்கும் பெயர்களில் ஹூக்கர் இல்லை.

அவர் 1970 ஏப்ரலில் சிகாகோவில் காசநோயால் இறந்தார். லெட் செப்பலினின் இரண்டாவது ஆல்பம் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. டிக்சனுக்கு வழக்குப் போட ஆயுள் இருந்தது.

அந்த ஆல்பத்தை யாருக்காவது கேட்கச் சொன்னால், கூடவே ஹூக்கரின் பழைய ஸ்லைடு பதிவு ஒன்றையும் அனுப்பிவிடுகிறேன். பாதிப் பேர் திறப்பதே இல்லை. திறந்து கேட்ட ஒரு தம்பி, "இதுல யாரும் பாடவே இல்லையேண்ணா" என்றான்.