சறுக்கலும் நகையும்

பிறர் தவறு கண்டு நகைப்பது அறத்துக்கு இசையுமா என்பது அறநூல்கள் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினாவாயினும், அதற்கான விடையை ஏட்டில் மட்டும் தேடினால் ஒரு பாதிதான் கிடைக்கும். மறு பாதியைக் காண, ஆபத்தும் தோழமையும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும் இடமொன்றில் நகை எவ்வாறு இயங்குகிறது என்று நோக்க வேண்டும். ஐதராபாத்தில் உசேன் சாகர் ஏரியை ஒட்டிய நெக்லஸ் சாலையில் ஞாயிறு விடியலில் கூடி, விகாராபாத்தை அடுத்த அனந்தகிரி மலைக்கோ கிருஷ்ணைக் கரையின் நாகார்ஜுன சாகருக்கோ புறப்படும் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் பேச்சு அத்தகைய ஓரிடம். மூத்தவரை ‘பாயி’ என்றும் ‘அன்னா’ என்றும் மரியாதை குன்றாமல் அழைத்துக்கொண்டே, அவர் எந்த வளைவில் எப்படிச் சறுக்கினார் என்பதையும், அவருடைய வண்டி எவ்வளவு கிழடு தட்டிவிட்டது என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிச் சிரிப்பது அங்கே வழக்கம்.

இச்சிரிப்புக்கு இலக்காகும் தவறுகள் ஒரே தன்மையன அல்ல. சென்னைத் திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட்டுகளில் கியர் வலக்காலிலும் பின் பிரேக் இடக்காலிலும் அமைந்திருந்தமையால், அவற்றில் பல ஆண்டு பழகியவர் பிற வண்டியில் ஏறியதும் கியரைக் குறைப்பதாக எண்ணிப் பிரேக்கை மிதித்துவிடுகிறார். மைசூரில் 1996 வரை தயாரான ஜாவா, எஸ்டி வண்டிகளில் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். அதை மறந்தவரின் பிஸ்டன் உராய்ந்து சூடேறி நடுச்சாலையில் ஜாம் ஆகிவிடும். பெட்ரோல் டேப்பைத் திறக்காமலே வியர்க்க வியர்க்கக் கிக்கரை உதைத்தவரும், சைடு ஸ்டாண்டை மடக்காமல் கிளம்பியவரும் எல்லாக் குழுவிலும் உண்டு.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. எள்ளல் இகழ்ச்சி, இளமை பிள்ளைத்தன்மை, பேதைமை அறியாமை, மடன் என்பது, உரையாசிரியர் விளக்கப்படி, பிறர் புகட்டியதை ஏற்றுக்கொண்டு, ஏற்றதை விடாமல் பற்றியிருப்பது. எண்ணெய் கலக்க மறந்தவரின் கதை பேதைமையின்பாற்படும் என்றால், புல்லட்டில் கற்றதைப் பிற வண்டியிலும் விடாத காலின் கதை மடனுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது என்னும் அளவுக்குப் பொருந்துகிறது. எள்ளலைப் பற்றித் தொல்காப்பிய உரைகாரர் பேராசிரியர் செய்யும் பிரிவு இன்னும் முக்கியமானது: தான் பிறரை இகழ்ந்து நகுவது ஒன்று, தான் இகழப்பட்டபோது தானே நகுவது மற்றொன்று. இவ்விரண்டாம் வகையை எண்ணிப் பார்த்தவரின் கூர்மை வியப்புக்குரியது. ஏனெனில் ஓட்டிகளின் நகையில் அறம் சார்ந்த எடை முழுவதும் அங்கேதான் தங்கியிருக்கிறது.

அறநூல்களின் கண்டிப்பு மெல்லியதன்று. திருக்குறளின் நட்பு அதிகாரம், நட்புச் செய்வது சிரித்து மகிழ்வதற்கன்று, நண்பன் நெறி கடக்கும்போது முன்சென்று இடித்துரைப்பதற்கே என்கிறது. பண்புடைமை அதிகாரமோ விளையாட்டுக்கேனும் இகழ்தல் துன்பம் தரும் என்கிறது. ஐதராபாத்தின் ஓட்டிகளில் கணிசமானோர்க்கு வேதமாகிய குர்ஆனின் 49ஆம் அத்தியாயம், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதைத் தடுத்து, ஏளனம் செய்யப்படுவோர் செய்வோரைவிடச் சிறந்தவராக இருக்கக்கூடும் என்று காரணமும் காட்டுகிறது. இவற்றையெல்லாம் நேராகப் பொருத்தினால் நெக்லஸ் சாலைப் பேச்சு முழுவதும் குற்றமாகிவிடும்.

ஆயினும் அத்தீர்ப்பு சரியானதன்று. குர்ஆன் காட்டும் காரணத்தைக் கூர்ந்து நோக்கினால், தடுக்கப்படுவது நகையைவிட ஆழத்தில் உள்ளதொன்று, அதாவது நகைப்பவன் தன்னை உயரத்தில் நிறுத்திக்கொள்வது என்று தெரியும். இரண்டு சக்கரத்தின் மேல் அமர்ந்தவனுக்கு அந்த உயரம் கிடையாது. முதல் மழையில் எண்ணெய் மிதக்கும் சாலை அவனையும் அதேபோல் சாய்க்கும் என்பதை அவன் உடல் அறியும். ஆகவே ஒருவர் சறுக்கிய கதைக்கு அடுத்தவர் தன் சறுக்கலைச் சொல்லி விடையிறுக்கும்போது, தவறு ஒருவருடைய அவமானமாக இல்லாமல் எல்லாருக்கும் உரிய அறிவாகிறது. தனியே கண்டித்தால் மறைக்கப்பட்டிருக்கும் பிழை, சிரிப்பின் நடுவே முழு விவரத்தோடு வெளிவருகிறது. எந்த வேகம், எந்த கியர், எந்தப் பிரேக் என்று இளையவர் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். வள்ளுவர் எதிர்எதிராக நிறுத்திய நகுதலும் இடித்துரைத்தலும் இங்கே ஒரே செயலாகின்றன. இதற்கோர் எல்லையும் உண்டு: பின்னிருக்கையில் இருந்தவரோ சாலையைக் கடந்தவரோ அடிபட்ட கதையில் நகைக்க எவருக்கும் உரிமையில்லை, ஏனெனில் அந்தத் துன்பத்தை ஏற்றவர் அந்தப் பேச்சில் ஒரு பங்காளியல்லர்.

வண்டியின் முதுமையை நகைப்பது வேறொரு சிக்கல். தவறு, அதைச் செய்தவனுக்கு உரியது. முதுமையோ எவரும் செய்ததன்று, காலம் செய்வது. செய்யாத ஒன்றுக்காக எப்படி நகைக்கலாம்? விடைக்கான குறிப்பு அருகிலேயே இருக்கிறது. நெக்லஸ் சாலையிலிருந்து பார்த்தால் ஏரி நடுவே, 1990இல் கொண்டுசெல்லும்போது நீரில் மூழ்கி 1992இல் மீட்டு நிறுத்தப்பட்ட ஒற்றைக்கல் புத்தர் தெரிகிறார். அந்தப் புத்தரே எண்பது வயதில் தம் உடலை, வார்களால் கட்டி ஓட்டப்படும் பழைய வண்டிக்கு ஒப்பிட்டுத் தம் சீடர் ஆனந்தரிடம் பேசியதாக மகாபரிநிப்பான சுத்தம் என்னும் பாலி நூல் கூறுகிறது. அதில் புலம்பல் இல்லை; தேய்ந்ததைத் தேய்ந்தது என்று சொல்லும் தெளிவு மட்டுமே இருக்கிறது. பல்பு மங்கி, சைலன்சர் கட்டுக்கம்பியில் தொங்கும் எஸ்டியை அதன் சொந்தக்காரரே முதலில் கேலி செய்வது அந்தத் தெளிவுக்கு அணித்தானது. அது பேராசிரியரின் இரண்டாம் வகை எள்ளல். அதைக் குழு தொடர்வது இகழ்ச்சியாகாது. சொந்தக்காரர் சிரிக்காத வண்டியைப் பிறர் சிரித்தாலோ, முதல் வகைக்கு இறங்கிவிட்டார்கள் என்று பொருள்.

தவறுக்கும் முதுமைக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டமும் தன் வழியில் அறிந்திருக்கிறது. பதிவான 15 ஆண்டுக்குப் பின் இருசக்கர வண்டியை அது முதுமைக்காகவே விலக்குவதில்லை. தகுதி சோதித்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவை நீட்டிக்கிறது. 40 வயது கடந்த ஓட்டி உரிமத்தைப் புதுப்பிக்க வரும்போது அவரிடமும் மருத்துவச் சான்று கேட்கிறது. 1996க்குள் செய்யப்பட்ட எஸ்டியை இளமையில் புதிதாக வாங்கி இன்றும் ஓட்டுபவர் இவ்விரண்டு சோதனைக்கும் உரியவராகிவிட்டார். அவருடைய வண்டியைக் கேலி செய்யும் நண்பர்களிலும் பலர் அவ்வாறே.