எனது வீடும் நமது சுவரும்

‘எனது’ என்பது மனிதன் மழலைப் பருவத்திலேயே கற்றுவிடும் சொல். அச்சொல்லின் எல்லை எதுவரை என்பதைக் கற்கவோ ஒரு வாழ்நாளும் போதாமல் போகிறது. தத்துவ நூல்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இக்கேள்வி, இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அன்றாட வழக்காக எழுகிறது.

பெங்களூரின் பழைய கண்டோன்மென்ட் பகுதியில் அமைந்தது ரிச்சர்ட்ஸ் டவுன். சுற்றிலும் தோட்டம், ஓட்டுக் கூரை, சன்னலுக்கு மேல் ‘மங்க்கி டாப்’ எனப்படும் மரச்சட்ட முகப்பு ஆகியவற்றைக் கொண்ட பங்களாக்கள் அங்கு இருந்தன. அவற்றுள் பல இடிக்கப்பட்டு, அம்மனைகளில் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தன. ஒரு குடும்பம் வாழ்ந்த மண்ணில் பல குடும்பங்கள் வாழலாயின. வீடு மாறியது, வீட்டைப் பற்றிய எண்ணம் மாறவில்லை. பங்களாவின் உரிமையாளர் விரும்பியபடி சுவரை எடுத்தார், அறையைக் கூட்டினார். அடுக்குமாடியில் ஒரு வீட்டை வாங்கியவரும் அதே சுதந்திரத்தை எதிர்பார்க்கிறார். பால்கனியை மூடி அறையாக்கவோ, நடுச்சுவரை அகற்றவோ முற்படுகிறார். குடியிருப்போர் சங்கம் தடுக்கிறது. “பணம் கொடுத்து வாங்கிய என் வீட்டில் என்னைக் கேட்க இவர்கள் யார்?” என்ற சினம் பிறக்கிறது.

சினத்தை விலக்கி, கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

வாங்கியது எது?

கர்நாடகத்தில் 1972-ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் உறுதிப்பத்திரம் பதிந்த கட்டடங்களில் ஒருவரின் உடைமைக்கு இரு பகுதிகள் உண்டு என்று அது வகுத்தது. வீடு அவருக்கே உரியது. நிலம், அடித்தளம், தூண்கள், முதன்மைச் சுவர்கள், கூரை, மாடிப்படி ஆகியவற்றில் அவருக்கு உள்ளது பிரிக்கப்படாத பங்கு மட்டுமே. கட்டடத்தின் உறுதிக்கு ஊறு செய்யும் வேலையை, மற்ற உரிமையாளர் அனைவரின் இசைவும் பெறாமல் எவரும் செய்யலாகாது என்றும் அச்சட்டம் கூறியது. ஆக, ‘நமது’ என்பது பின்னாளில் சங்கம் கொண்டுவந்து புகுத்திய சொல் அன்று. வீட்டை வாங்கியபோதே அதுவும் சேர்ந்து வந்துவிட்டது.

இது தமிழருக்குப் புதிய கருத்துமன்று. நெருங்கிய வீடுகளைக் கொண்ட நம் ஊர்த் தெருக்களில் இரு வீடுகளுக்கு இடையே ‘பொதுச்சுவர்’ இருந்தது. அதில் ஓர் உத்தரத்தை ஏற்றுவதென்றாலும் அடுத்த வீட்டாரிடம் ஒரு சொல் கேட்டார்கள். தெருவை நோக்கிய திண்ணை வீட்டுக்காரர் கட்டியதுதான். ஆயினும் வழிப்போக்கரும் அதில் படுத்து உறங்கினர். உடைமையின் ஓரத்தில் பிறருக்கும் இடம் வைப்பதை அன்றைய வீடே கற்பித்தது.

மேலைநாட்டில் தனிச்சொத்துரிமையை வலுவாக நிலைநாட்டிய தத்துவஞானி ஜான் லாக் (1632–1704). உழைப்பால் ஒருவன் ஒரு பொருளைத் தனதாக்கிக்கொள்கிறான் என்று கூறிய அவரே, பிறருக்கும் போதிய அளவில் நல்லது எஞ்சியிருக்க வேண்டும் என்ற வரம்பையும் விதித்தார். உரிமையைப் போற்றியவரும் வரம்பற்ற உரிமையைப் போற்றவில்லை.

சுவர் தாங்கும் பாரம்

2017 ஜூலை 25 அன்று மும்பையின் காட்கோபர் பகுதியில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று சரிந்தது. பதினேழு பேர் இறந்தனர். தரைத்தளத்தில் நடந்துவந்த மாற்ற வேலையில் தூண்கள் சிதைக்கப்பட்டதே காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது.

தூண்களுக்கு இடையே இடத்தை நிரப்ப எழுப்பிய சுவரும் உண்டு. மேல்தளங்களின் பாரத்தைச் சுமக்கும் சுவரும் உண்டு. இரண்டும் ஒரே பூச்சு, ஒரே வண்ணம் பூண்டு நிற்கின்றன. பார்வையால் அவற்றைப் பிரித்தறிய இயலாது. பொறியாளரின் ஆய்வு இதனால்தான் வேண்டப்படுகிறது. மேலே உறங்கும் குழந்தையை அந்தச் சுவர் தாங்கிக்கொண்டிருக்கலாம். ‘இது யாருடைய சுவர்?’ என்பதைவிட ‘இதன் பாரம் யார்மீது இறங்கும்?’ என்பதே அறத்தின் கேள்வி.

சங்கத்திற்கும் அதே கேள்வி

எனினும், தடுப்பவர் எல்லாரும் அறத்தின் பக்கம் நிற்பதாகக் கொள்ள வேண்டா. சக்கர நாற்காலியில் வரும் முதியவருக்காக வாயிற்படியருகே ஒரு சாய்தளம் கேட்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘முகப்பின் அழகு கெடும்’ என்று சங்கம் மறுக்கிறது. அதே சங்கம், நிர்வாகி ஒருவர் தம் பால்கனியை மூடியபோது வாய் திறக்கவில்லை. இங்கே காக்கப்படுவது பொதுநலம் அன்று; அதிகாரம். சாய்தளத்தால் பிறர்மேல் இறங்கும் பாரம் சிறிது. அதை மறுப்பதால் அம்முதியவர் சுமப்பதோ பெரிது.

காந்தியடிகள் வலியுறுத்திய தர்மகர்த்தாக் கொள்கை செல்வருக்கு மட்டும் உரியதன்று. சங்க நிர்வாகிக்கும் பொருந்தும். அவர் பொதுவுடைமையின் காவலர், எஜமானர் அல்லர். மறுப்புக்குக் காரணம் கூறுவதும், விதியை அனைவருக்கும் ஒரேபடி செலுத்துவதும் அவர் கடமை.

வலியவரையும் இக்கடமை கட்டுப்படுத்தும். நொய்டாவில் ஒரு குடியிருப்பு வளாகத்தில், வீட்டு உரிமையாளர்களின் இசைவின்றியும் கட்டட விதிகளை மீறியும் எழுந்த இரட்டைக் கோபுரங்களை இடிக்க 2021 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2022 ஆகஸ்ட் 28 அன்று அவை தகர்க்கப்பட்டன.

இசைவு பெறுவது கடமை என்றால், காரணமின்றி இசைவை மறுப்பதும் குற்றமே. பழுதடைந்த கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் இசைவு போதும் என்று தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. ஒருவரின் பிடிவாதத்தால் அனைவரும் ஆபத்தில் வாழ நேரக்கூடாது என்பதும் நீதியே அன்றோ!

மாற்றம் விரும்புபவர் வரைபடத்துடன் முன்கூட்டியே சென்று, கீழ்வீட்டாரையும் மேல்வீட்டாரையும் கேட்கட்டும். சங்கம், இம்மாற்றம் உண்மையில் யாருக்குத் தீங்கு செய்யும் என்று எண்ணிப் பார்த்து விடையளிக்கட்டும். இருவரும் வழக்கறிஞரை நாடுமுன் இதைச் செய்தால் பல வழக்குகள் பிறக்கவே மாட்டா. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது பழமொழி. அடுக்குமாடியில் ஒவ்வொரு குடும்பமும் தன் சித்திரத்தை எழுதிக்கொள்ளலாம். சுவர் மட்டும் எல்லாருக்கும் உரியது.