எழுதிய கை எங்கே?



நம் வாலிபர் சிலர் இராத்திரியில் ஒரு வித்தை பழகுகிறார்கள். காமிராவை முக்காலியில் நிறுத்தி, அதன் கண்ணைப் பத்து விநாடி திறந்து வைக்கிறார்கள். கறுப்புச் சட்டைக்காரன் ஒருவன் கம்பி மத்தாப்பைக் கொளுத்தி அந்தரத்தில் எழுதுகிறான். (கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றி எழுதவேண்டும், 'ழ' பட்ட பாடு கொஞ்சமல்ல!) படத்தில் எழுத்து ஜொலிக்கிறது. எழுதியவனைக் காணோம்.

காமிரா பொய் சொல்லிற்றா? ஒளி விடுவதும் அசையாது நிற்பதுமே அதற்குத் தெரியும். 1838-ல் தாகேர் என்பவர் பாரிஸ் வீதியொன்றைப் படமெடுத்தார். போய்க்கொண்டிருந்த ஜனங்களெல்லாம் மறைந்துபோனார்கள். பாதரட்சைக்கு மெருகு போட்டுக்கொள்ள நின்றவர் விழுந்தார். மெருகு போட்டவனோ மங்கல்தான்.

இந்தப் பக்கத்தில் அந்த மங்கலை நாம் அறிவோம். கம்பியை மருந்துக் குழம்பில் முக்கிக் காயவைத்து, மறுபடி முக்குகிற கைகள் எந்தத் தீபாவளிப் படத்திலும் இல்லை. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் படங்களில்தான் ஊர் உலகம் நம்மைப் பார்த்தது. அழகை ரசிப்பது பாவமா என்று வாலிபர் கேட்கிறார்கள். அல்லவே அல்ல. ஆனால் காணாததை இல்லையென்று முடிவுகட்டுவது காமிரா அல்ல, நாம்.

அவர்களில் ஒருவனுடைய தாயார் மத்தாப்பு வேலைக்குப் போகிறவர். அவரையே எழுதச் சொன்னான். முடிந்ததும், "அசையாதேம்மா" என்று டார்ச்சு விளக்கை ஒரு கணம் முகத்தில் அடித்தான். முகம் நன்றாக விழுந்திருக்கிறது. அம்மாள் எழுதியது தம் பெயரைத்தான். மாற்றி எழுத மறந்து, தலைகீழ்ப் பக்கமாகக் கிடக்கிறது.