எந்த வருடத்து அசல்?

வெம்பிளியில், எங்கள் சாப்பாட்டுக்கடைக்குப் பின்னாலுள்ள கராஜில், கிழவர் ஒருவர் தன் 1975ஆம் ஆண்டு நோர்ட்டன் கொமாண்டோவுக்குப் புதிய ஸ்ராட்டர் மோட்டர் பூட்டினார். பழையதில் இரண்டு கரிப் பிரஷ். எஞ்சினைச் சுழற்றப் பலம் போதாது. புதியதில் நான்கு.

அசல் கெட்டுவிட்டது என்றார் கூட நின்ற நண்பர். பழையதே அமெரிக்கப் பிரெஸ்டோலைட். 1967இல் அறிமுகமான கொமாண்டோவையோ உதைத்துத்தான் கிளப்பவேண்டும். அசலை எந்த வருடத்திலிருந்து எண்ணுவது?

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் அப்பா சில துளி பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டர்சைக்கிள் ஓடினார். அசலா என்று எவரும் கேட்கவில்லை.

இங்கே நான், மகளின் தமிழில் ஆங்கிலச் சொல் விழுந்தால் முகம் சுளிக்கிறேன். என் யன்னலும் அலுமாரியும் போர்த்துக்கேயர் தந்தவை.

கிழவர் பழைய மோட்டரை எறியவில்லை. துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தார்.