பாசம் என்றொரு கயிறு

 

இந்த முறை எனக்குக் கொடுத்த தலைப்பு "பதி, பசு, பாசம்". சமய வகுப்புக்குப் போனவர்கள் யாரைக் கேட்டாலும் டக்கென்று சொல்லிவிடுவார்கள்: இறைவன், உயிர், கட்டு. சொல்லிவிட்டுக் கைப்பேசியைத் தேடப் போய்விடுவோம். நானும் அந்த ரகம்தான். எனக்கு இது உறைத்தது வகுப்பில் அல்ல, ஒரு ஜப்பானிய மங்காவில். அதுவும் டீன் ஏஜ் பெண் பிள்ளைகளுக்காக வரைந்த காதல் மங்கா. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

என் தங்கச்சி ஐந்தாம் படிவம். எஸ்.பி.எம். வருடம். போன விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி நிறைய மங்கா கிடந்தது. எடுத்துப் புரட்டினேன். சாபம், ஆவி, கட்டிப்பிடித்தால் பையன் எலியாக மாறுகிறான்! பரீட்சை நேரத்தில் இதெல்லாம் தேவையா? அண்ணன் என்ற உரிமையில் பெட்டியோடு தூக்கி என் பைக்குள் போட்டேன். அதோடு நின்றேனா? கைப்பேசியின் கடவுச்சொல்லை வாங்கினேன். அவள் எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரிகிற மாதிரி லொகேஷனையும் போட்டு வைத்தேன். "எல்லாம் உன்மேல இருக்கிற பாசத்துலதான்" என்று ஒரு வசனம் வேறு.

அவள் சண்டை போடவில்லை. "சரிண்ணே" என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் அனுப்பும் செய்திகளுக்கு ஒற்றை வார்த்தையில்தான் பதில் வந்தது.

விடுதிக்கு வந்து ஒரு ராத்திரி, இந்தக் கதையில் என்னென்ன தப்பு இருக்கிறது என்று பட்டியல் போடலாம் என்றுதான் முதல் புத்தகத்தைத் திறந்தேன். இரண்டு வாரத்தில் 23 புத்தகத்தையும் முடித்துவிட்டேன். (அந்த வாரம் நடந்த தெர்மோடைனமிக்ஸ் டெஸ்ட்டைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.)

கதையின் பெயர் "ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்". எழுதி வரைந்தவர் நத்சுகி தகாயா. 1998 முதல் 2006 வரை "ஹனா தோ யுமே" என்ற இதழில் தொடராக வந்தது. தோரு என்ற பெண்ணுக்கு அம்மா விபத்தில் இறந்துவிடுகிறார். போக இடமில்லாமல் ஒரு கூடாரம் போட்டுத் தங்குகிறாள். அந்த நிலம் சோமா என்ற பெரிய குடும்பத்துக்குச் சொந்தம். அந்தக் குடும்பத்தில் ஒரு சாபம் இருக்கிறது. பன்னிரண்டு விலங்குகளின் ஆவி பன்னிரண்டு பேரைப் பிடித்திருக்கிறது. எதிர்பாலினத்தவர் அணைத்தால் அந்தந்த விலங்காக மாறிவிடுவார்கள். எலி, எருது, புலி, முயல் என்று சீனப் பெருநாள் வந்தாலே நாம் கடைத்தொகுதிகளில் பார்க்கிற அதே பன்னிரண்டுதான். ஜப்பானில் பன்றிக்குப் பதில் காட்டுப்பன்றி. பதின்மூன்றாவதாக ஒருவன் இருக்கிறான், பூனை. கடவுள் வைத்த விருந்து நாளைக்கு இல்லை, மறுநாள்தான் என்று எலி ஏமாற்றியதால் பட்டியலில் இடம் கிடைக்காமல் போன பூனை.

இதுவரைக்கும் சிறுவர் கதை மாதிரிதான் இருக்கும். ஆனால் இந்தப் பதின்மூன்று பேருக்கும் நடுவில் "கடவுள்" இடத்தில் ஒருவர் இருக்கிறார். பெயர் அகிதோ. குடும்பத் தலைமை. அகிதோ கூப்பிட்டால் வந்தே ஆக வேண்டும், வேறு யாரையும் நேசிக்கக் கூடாது. ஹதோரி என்று ஒரு மருத்துவர், தான் காதலித்த பெண்ணைத் திருமணம் செய்ய அனுமதி கேட்டுப் போகிறார். அகிதோவின் கோபத்தில் அவருடைய இடது கண்ணே பழுதாகிவிடுகிறது. கடைசியில் அந்தப் பெண்ணின் மனத்திலிருந்து தன் நினைவைத் தானே அழிக்க வேண்டிய நிலை அவருக்கு. இத்தனையும் அகிதோ எதற்காகச் செய்கிறாள்? வெறுப்பினால் அல்ல. எல்லாரும் தன்னை விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம்.

அந்த ஹதோரி அத்தியாயத்தை ராத்திரி இரண்டு மணிக்குப் படித்தேன். பக்கத்தில் என் கைப்பேசி. அதில் என் தங்கச்சி ஒரு நீலப் புள்ளியாக வீட்டில் இருந்தாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

நண்பர்களே, நம் மொழியில் பாசம் என்றால் அன்பு. பாசம் என்றால் கயிறும்தான். எமன் கையில் இருப்பதைப் பாசக்கயிறு என்கிறோம் இல்லையா? சித்தாந்தம் பாசம் என்று சொல்வது இந்தக் கயிற்றைத்தான். ஆணவம், கன்மம், மாயை மூன்றும் உயிரைக் கட்டியிருக்கும் கட்டு. அதில் ஆணவம் செம்பில் களிம்பு மாதிரி, உயிரோடு என்றைக்கும் ஒட்டியிருப்பது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது "நான்" என்று மட்டுமா பேசும்? "என்னுடையது" என்றும் பேசும். என் தங்கச்சி, என் காதலி, என் பையன். அன்பு மாதிரியே உடுத்திக்கொண்டு வரும். அதனால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பொறியியல் மாணவனாக எனக்கு இன்னொன்றும் தோன்றியது. ஸ்டாட்டிக்ஸ் முதல் பாடத்திலேயே சொல்வார்கள், எடையைக் கணக்கில் எடுக்காத ஒரு கயிற்றில் இழுவிசை இரண்டு முனையிலும் ஒன்றுதான். கட்டப்பட்டவனுக்கு எவ்வளவு இறுக்கமோ, பிடித்திருப்பவன் கைக்கும் அவ்வளவு இறுக்கம். அகிதோவால் அந்தக் கட்டிலிருந்து விடுபட முடிகிறதா? முடியவில்லை. பதி என்றால் கட்டு இல்லாதவன். அப்படியானால் அந்தக் கதையின் கடவுள் பதி அல்ல, அதுவும் ஒரு பசு. ஜப்பானியர்கள் "கமி" என்று சொல்வதும் நாம் பதி என்று சொல்வதும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். அவர்கள் வழிபாட்டை நான் குறை சொல்லவில்லை. கதையில் வரும் ஒரு பாத்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

சரி, "நம்ம சிவபெருமான் மட்டும் கட்டவில்லையா? சுந்தரரைக் கல்யாண மேடையிலேயே மடக்கிப் பிடித்தாரே!" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பெரியபுராணத்தை எடுத்து மறுபடி படித்தேன். பக்தி நூல் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோமே, சுந்தரர் கதை எந்த மங்காவுக்கும் குறைந்தது இல்லை.

புத்தூரில் திருமணம். ஒரு கிழவர் ஓலையோடு வந்து, "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்திருக்கிறான்" என்கிறார். சுந்தரர் அவரைப் பித்தன் என்று திட்டி, ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. மூல ஓலை கிழவரிடம் இருக்கிறது, சுந்தரர் தோற்கிறார். உமது வீட்டைக் காட்டும் என்று கேட்டால், கிழவர் கோயிலுக்குள் நுழைந்து மறைகிறார். வந்தவர் சிவன் என்று அப்போதுதான் தெரிகிறது. இங்கே அகிதோவாக இருந்தால் என்ன நடந்திருக்கும்? சிவன் என்ன செய்தார்? என்னைத் திட்டினாயே, அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடு என்கிறார். திட்டு தேவாரமானது. வன்தொண்டர் என்று பட்டமும் கிடைத்தது.

எனக்கு இன்னும் பிடித்த இடம் பிறகு வருகிறது. திருவாரூரில் பரவையார், திருவொற்றியூரில் சங்கிலியார் என்று இரண்டு பேரைச் சுந்தரர் மணக்கிறார். (இன்றைய கண்ணுக்கு இது உறுத்தும். எனக்கும் உறுத்துகிறது.) ஒற்றியூரில் மகிழ மரத்தடியில் "உன்னைப் பிரியேன்" என்று சத்தியம் செய்து, பிறகு ஆரூர் நினைப்பு வந்து கிளம்பிவிடுகிறார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. ஹதோரியின் கண் போனது நேசித்ததற்காக. சுந்தரரின் கண் போனது ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை மீறியதற்காக. சிவன் தன்னை விட்டுப் போனான் என்று தண்டிக்கவில்லை. அந்தக் கண்களையும் காஞ்சியில் ஒன்று, ஆரூரில் ஒன்று என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

ஆரூருக்கு வந்தால் பரவையார் கதவைத் திறக்கவில்லை. கோபம். நியாயமான கோபம். சுந்தரர் சிவனையே தூது போகச் சொல்கிறார். நள்ளிரவில் இறைவன் அர்ச்சகர் வேடத்தில் நடந்து போய் அந்த வீட்டு வாசலில் நிற்கிறார். பரவையார் முடியாது என்று அனுப்பிவிடுகிறார். உலகையே படைத்தவர், ஒரு பெண் "முடியாது" என்று சொன்னதும் திரும்பி நடக்கிறார்! நினைத்திருந்தால் ஒரு நொடியில் அவர் மனத்தை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. பிறகு மறுபடியும் அதே தெருவில் நடந்து, இந்தத் தடவை தன் சொந்த வடிவத்தில் போய்க் கேட்கிறார். அப்போதுதான் அவர் சம்மதிக்கிறார்.

அந்த மங்காவின் முடிவையும் சொல்கிறேன், படிக்கப்போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். கடைசியில்தான் பழைய கதை முழுதாகத் தெரிய வருகிறது. தனியாக இருந்த கடவுளிடம் முதலில் நட்பாக வந்ததே அந்தப் பூனைதான். அது சாகப்போகும் நேரத்தில், எல்லாரும் என்றென்றும் சேர்ந்தே இருக்கலாம் என்று கடவுள் ஒரு கிண்ணத்தைக் குடிக்கவைக்கிறது. பூனை மட்டும் எனக்கு இந்த நிரந்தரம் வேண்டாம் என்கிறது. மற்ற விலங்குகள் அதைத் துரோகி என்று ஒதுக்கின. சாபத்தின் வேர் அதுதான். அந்தச் சாபத்தைத் தோரு சண்டை போட்டு உடைக்கவில்லை. அகிதோவிடமே போய்க் கை நீட்டி, நாம் நண்பர்களாக இருக்கலாமா என்று கேட்கிறாள். அகிதோ கையிலிருந்த கயிற்றைத் தானே விடுகிறாள்.

செமஸ்டர் முடிந்து பெட்டியோடு வீட்டுக்குப் போனேன். லொகேஷனை அவள் கண்முன்னாலேயே எடுத்தேன். கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். பெட்டியை அறைக்குள் கொண்டுபோய் வைக்கலாம் என்றுதான் போனேன். பரவையார் நினைவு வந்தது, வாசலிலேயே வைத்துவிட்டு நின்றேன்.

"எதுவரைக்கும்ணே படிச்சீங்க?" என்றாள்.

"முழுசா."

"மொமிஜியை அவங்க அம்மா மறந்துபோற இடத்துல அழுதீங்களா?"

"இல்லயே."

"பொய்" என்றாள். கதவு திறந்துதான் இருந்தது.