குழந்தையின் கையும் சொல்லின் பொருளும்

பேச்சு வராத குழந்தைக்குக் கையசைவுகளால் சொல் கற்பிக்கும் வழக்கம் குழந்தை வளர்ப்பு நூல்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் அண்மைக்காலத்தில் பரவியிருந்தாலும், அதன் அடியில் கிடக்கும் வினா மிகப் பழையது: மனிதரிடத்தில் சொல் முதன்முதலாகத் தோன்றுவது ஒன்றை வேண்டுவதற்காகவா, அல்லது உள்ள ஒன்றைக் காட்டுவதற்காகவா? இந்தியத் தத்துவ மரபு இவ்வினாவை மொழியியல் சிக்கலாக மட்டும் கருதவில்லை. பரம்பொருளைச் சொற்களின் வழியே அறிய முடியுமா என்ற பெருவழக்கு, தொட்டில் பருவத்துக் குழந்தை எவ்வாறு சொல்லின் பொருளை அறிகிறது என்பதன்மேல் வைத்தே அங்கு வாதிக்கப்பட்டது.

குழந்தைச் சைகை எனப்படுவது, கேட்கும் திறனுள்ள குழந்தைக்கு, ஏறத்தாழ ஆறாவது மாதத்துக்கும் முதலாண்டு நிறைவுக்கும் இடைப்பட்ட காலத்தில், பேசும் சொல்லோடு சேர்த்தே ஒரு கையசைவையும் திரும்பத் திரும்பச் செய்துகாட்டிப் பழக்கும் முறையாகும். நாக்கும் உதடும் மூச்சும் ஒருங்கிணைந்து தெளிவான ஒலியை உண்டாக்கப் பழகுவதற்கு முன்பே கை ஓரளவு குழந்தையின் விருப்பத்துக்கு இசைந்துவிடுகிறது என்பதே இம்முறைக்கு அடிப்படை. இதனைச் சைகை மொழி என்று கூறுவது பொருந்தாது. சைகை மொழி என்பது தனக்கென இலக்கணமும் தொடரமைப்பும் உடைய முழுமையான மொழி என்பதை அமெரிக்காவின் காலடெட் கல்லூரியில் பணியாற்றிய வில்லியம் ஸ்டோக்கி 1960இல் வெளியிட்ட ஆய்வு உலகுக்கு உணர்த்தியது. குழந்தைச் சைகையோ அம்மொழியிலிருந்து கடன் பெற்ற, அல்லது வீட்டிலேயே உருவான, சில தனிச்சொற்களின் தொகுப்பு மட்டுமே.

இம்முறை பரவக் காரணமாயிருந்தவர்களுள் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த உளவியலாளர்களான லிண்டா அக்ரிடோலோவும் சூசன் குட்வினும் முதன்மையானவர்கள். 1980களில் அவர்களுடைய ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாக அமைந்தது, ஏறத்தாழ ஒரு வயதுள்ள குழந்தை ஒன்று ரோஜாப்பூவைச் சுட்டிக்காட்டி, மூக்கைச் சுருக்கி முகர்ந்துகாட்டிய செயல். எவரும் சொல்லாக வைத்துக் கற்பிக்காத அந்த முகர்தலைக் குழந்தை பூவுக்குப் பெயராக ஆக்கிக்கொண்டிருந்தது. அது பூவைக் கேட்கவில்லை, பூ இருப்பதைச் சொன்னது என்பது இக்கட்டுரையின் நோக்கில் மிக முக்கியமானது. ஆனால் பின்னாளில் இம்முறையைக் கற்பிக்கும் வகுப்புகளில் முதலிடம் பெற்ற சைகைகளோ ‘பால்’, ‘இன்னும்’, ‘போதும்’ போன்றவை. அவை பயனற்றவை அல்ல. காரணம் புரியாத அழுகையைக் குறைக்க அவை உதவுவதாகப் பல பெற்றோர் கூறுகின்றனர். என்றாலும் பூவிலிருந்து பாலுக்கு வந்த இந்த நகர்வில், சொல் எதற்காக என்ற வினாவுக்கு ஒரு விடை எவரும் கவனியாமலே ஏற்கப்பட்டுவிட்டது.

அந்த விடை மீமாம்சை மரபினருக்கு, சிறப்பாகப் பிரபாகரரின் வழிவந்தோருக்கு, நன்கு பழகியது. மீமாம்சை என்பது வேதத்தின் சடங்குப் பகுதியை ஆராய்ந்து, வேதச் சொல்லின் பயன் செய்ய வேண்டியதை விதிப்பதே என நிலைநாட்டிய தத்துவப் பிரிவு. குழந்தை சொல் கற்பதை அப்பிரிவினர் இவ்வாறு விளக்கினர்: முதியவர் ஒருவர் இளையவரிடம் ‘பசுவைக் கொண்டு வா’ என்கிறார், இளையவர் சென்று பசுவைக் கொண்டுவருகிறார், அருகிருந்து பார்க்கும் குழந்தை, அந்த ஒலியே அந்தச் செயலைத் தூண்டியது என ஊகிக்கிறது, பின்னர் ‘பசுவைக் கட்டு’, ‘குதிரையைக் கொண்டு வா’ என ஏவல்கள் மாறி வரும்போது எந்தச் சொல் எந்தப் பொருளுக்குரியது எனப் பிரித்தறிகிறது. மூத்தோர் வழக்கிலிருந்து கற்றல் என்று பெயர்பெற்ற இவ்விளக்கத்திலிருந்து பிரபாகரர் மரபு ஒரு கடுமையான முடிவுக்குச் சென்றது. சொற்பொருளின் அறிவு ஏவலிலிருந்தே தொடங்குவதால், சொல்லின் ஆற்றல் முழுவதும் காரியத்தில், அதாவது இனிச் செய்யப்பட வேண்டியதில், அடங்கிவிடுகிறது. ஆகவே, எவராலும் செய்யப்படாமல் என்றும் உள்ளதாகிய பிரம்மத்தைப் பற்றி உபநிடதச் சொற்கள் தாமாக எதையும் உணர்த்த இயலாது.

உபநிடதங்களின் வழியே பிரம்மத்தை அறிய முற்பட்ட வேதாந்திகள் அனைவரும் எதிர்கொண்டாக வேண்டிய தடை இது. அவர்கள் வழக்கமாகக் காட்டிய மறுப்பு, ‘உனக்கு மகன் பிறந்தான்’ என்ற சொற்றொடரைக் கேட்டவரின் முகம் மலர்வதை எடுத்துக்காட்டி, ஏவல் எதுவுமின்றியே சொல் உள்ள பொருளை உணர்த்துகிறது என்பதாகும். மலர்ச்சிக்குக் காரணம் மகன் பிறந்ததுதான் என்று பார்ப்பவர் எப்படித் துணிவார், மகிழ்ச்சி தரும் செய்திகள் வேறு பல இருக்கக்கூடுமே என்று எதிர்த்தரப்பினர் கேட்டனர். அந்தக் கேள்வி வலுவானது.

திருப்பெரும்புதூரில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த இராமானுசர், பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய பேருரையாகிய ஸ்ரீபாஷ்யத்தின் முதற் சூத்திர உரையில், இவ்வழக்கை வேறொரு களத்துக்குக் கொண்டு சென்றார். தாயும் தந்தையும் குழந்தைக்கு விரலால் சுட்டிச் சுட்டி, இவர் அம்மா, இவர் மாமன், இது நிலா, இது விலங்கு, இது பறவை, இது பாம்பு எனப் பலமுறை அறிவுறுத்துகின்றனர்; நாளடைவில் குழந்தை, அச்சொற்களைக் கேட்டதும் அப்பொருள்கள் தன் அறிவில் தோன்றுவதைக் கண்டு, சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைத் தானே துணிகிறது என்பது அவர் விளக்கம். இங்கே ஏவலும் இல்லை, ஏவப்பட்டவன் செய்து முடிக்கும் வேலையும் இல்லை. நிலா இருக்கிறது, அதைக் காட்டும் விரல் இருக்கிறது, அவ்விரலின் வழியே நோக்கும் குழந்தை இருக்கிறது. உள்ள பொருளை உணர்த்தும் ஆற்றல் சொல்லுக்கு இவ்வகையில் தொடக்கத்திலேயே வாய்த்திருப்பதால், என்றும் உள்ள பொருளாகிய பிரம்மத்தை உபநிடதம் உணர்த்துவதற்கும் தடை இல்லாது போகிறது. அவர் பட்டியலில் நிலா இடம்பெறுவதைத் தமிழ் வாசகர் தனித்துக் கவனிக்க இடமுண்டு. அவர் போற்றிய பெரியாழ்வாரின் திருமொழியில், கண்ணன் தன் சிறு கைகளை நீட்டி அம்புலியை அழைப்பதும், அழைப்பை ஏற்று வருமாறு தாய் நிலவிடம் சொல்வதும் ஒரு பதிகமாகவே அமைந்துள்ளன.

இராமானுசர் இதனோடு நிறுத்தாமல் இரண்டாவது எடுத்துக்காட்டு ஒன்றையும் தருகிறார். அது இன்றைய குழந்தைச் சைகைக்கு மிக அண்மையில் நிற்கிறது. ஒருவர் மற்றொருவரிடம் கையசைவால் மட்டுமே, ‘உன் தந்தை நலமாக இருக்கிறார்’ என்ற செய்தியைத் தேவதத்தன் என்பவருக்குத் தெரிவிக்குமாறு கூறி அனுப்புகிறார். அனுப்பப்பட்டவர் சென்று அதனைச் சொற்களால் தேவதத்தனிடம் சொல்கிறார். பேசாதவரைப் போலக் கையசைவுகளின் பொருளை நன்கறிந்த, ஆனால் அச்சொற்களை இன்னும் அறியாத வேறொருவர், முதலில் சைகையைக் கண்டு, பின் தொடர்ந்து சென்று சொற்களைக் கேட்டு, இச்சொற்கள் அச்செய்தியையே உணர்த்துகின்றன எனத் தெளிகிறார். மகன் பிறந்த செய்திக்கு எழுந்த ஐயம் இங்கே எழ வழியில்லை. ஏனெனில் முகக்குறிப்பிலிருந்து ஊகிக்க வேண்டிய தேவையின்றி, செய்தி முழுவதும் கையின் வழியே முன்னரே கிடைத்துவிட்டது. சைகை சொல்லுக்கு முன்னே நின்று சொல்லைக் கற்பிக்கக்கூடும் என்பதையும், ‘தந்தை நலம்’ என்பது போன்ற முழுக் கூற்றையே சைகை தாங்க வல்லது என்பதையும் இராமானுசர் ஐயத்துக்கு இடமில்லாத உண்மைகளாக எடுத்துக்கொண்டு தம் வாதத்தைக் கட்டுகிறார் என்பது வியந்து போற்றத்தக்கது.

இவ்வாதத்துக்கு மறுப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிரபாகரர் தரப்பில் ஒருவர், ‘இதை அறிந்துகொள்’ என்று சுட்டும் தந்தையின் செயலிலும் ஓர் ஏவல் ஒளிந்திருக்கிறதே என்று கேட்கலாம். இதைவிட ஆழமான ஐயத்தை, இம்மரபுகளோடு தொடர்பில்லாத லுட்விக் விட்கென்ஸ்டைன் எழுப்பினார். அவர் மறைவுக்குப் பின் 1953இல் வெளிவந்த ‘தத்துவ ஆராய்ச்சிகள்’ என்னும் நூல், மூத்தோர் பெயர் சொல்லிப் பொருளைச் சுட்டுவதைக் கண்டு தாம் மொழி கற்றதாகப் புனித அகஸ்டின் எழுதிய பகுதியோடு தொடங்குகிறது. சுட்டும் விரல் பொருளையா, அதன் நிறத்தையா, வடிவத்தையா, எண்ணிக்கையையா குறிக்கிறது என்று குழந்தை எப்படி அறியும் என்பது அந்நூலின் கேள்வி. அதே நூலின் தொடக்கத்தில், கட்டடத் தொழிலாளர் இருவர் கல்லின் பெயரைச் சொல்லி அதைக் கொண்டுவரச் செய்யும் ஏவல்களால் மட்டுமே ஆன ஒரு சிறு மொழியும் கற்பனை செய்து காட்டப்படுகிறது. பசுவைக் கொண்டுவரச் சொன்ன முதியவர் அங்கே வேறு உடையில் நிற்பதைக் காணாதிருக்க முடியாது.

குழந்தைகளை நேரில் ஆராய்ந்தோரின் கண்டுபிடிப்புகள் இவ்விடத்தில் பெரிதும் உதவுகின்றன. எலிசபெத் பேட்ஸும் அவருடன் ஆய்ந்தோரும் 1970களில், சொல் வருவதற்கு முன்னரே குழந்தையின் சுட்டல் இருவகைப்படுவதை எடுத்துக்காட்டினர். எட்டாத பொருளைப் பெற்றுத்தரும்படி கேட்கும் சுட்டல் ஒன்று. தான் காணும் பொருளை மற்றவரும் காண வேண்டும் என்பதற்காக மட்டுமே காட்டும் சுட்டல் மற்றொன்று. பறந்து செல்லும் காகத்தை நோக்கி விரல் நீட்டிவிட்டுத் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் குழந்தை, காகத்தைப் பிடித்துத் தரும்படி கேட்பதில்லை. ஓராண்டு நிறைந்த குழந்தைகள் இவ்வாறு சுட்டும்போது, பெரியவர் பொருளை மட்டும் பார்த்தாலோ குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்தாலோ அவர்கள் நிறைவடைவதில்லை என்பதையும், பொருளையும் தம்மையும் மாறி மாறி நோக்கித் தம் வியப்பில் பங்குகொள்ளும் பெரியவரையே நாடுகிறார்கள் என்பதையும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. விட்கென்ஸ்டைனின் ஐயத்துக்கு ஒரு பகுதி விடை இதில் கிடைக்கிறது: விரல் தனித்து நின்று பொருளை நிறுவுவதில்லை, இருவர் கவனமும் ஒன்றில் கூடும் பழக்கம் முன்னரே இருப்பதால்தான் விரல் பொருள்படுகிறது. பெற்றோர் ‘பலமுறை’ காட்டுகின்றனர் என்று இராமானுசர் கூறுவதில் இந்தக் கூட்டுக் கவனத்துக்கு இடம் இருக்கிறது. ஒருமுறைச் சுட்டலில் எல்லாம் முடிந்துவிடுவதாக அவர் எங்கும் கூறவில்லை.

எனவே வேண்டுதலும் காட்டுதலும் ஆகிய இரண்டும் ஒரே கையில் ஏறத்தாழ ஒரே பருவத்தில் தோன்றுகின்றன. ஏவலே முதல் என்ற தரப்பு பாதி உண்மையை முழு உண்மையாக்கிவிட்டது. இனிக் குழந்தைச் சைகைக்குத் திரும்பினால், இங்கிலாந்தில் எலிசபெத் கர்க்கும் உடன் ஆய்ந்தோரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 40 குழந்தைகளை எட்டாம் மாதம் முதல் இருபதாம் மாதம் வரை தொடர்ந்து கவனித்தபோது, சைகை பழகிய குழந்தைகள் மற்றவர்களைவிட விரைவாக மொழி கற்றதாகத் தெரியவில்லை. ஆயினும் சைகை பழக்கிய தாய்மார் தம் குழந்தையின் சொல்லற்ற குறிப்புகளைக் கூர்ந்து கவனிப்பவர்களாக இருந்தனர். சைகை கற்பித்தால் குழந்தை முந்திப் பேசும், அறிவு மிகும் என்று விற்கப்படும் வாக்குறுதிகளுக்கு இம்முடிவு ஏமாற்றம் தரலாம். தத்துவ நோக்கில் இதுவே மிக நல்ல முடிவு. ஏனெனில் இங்கே மாற்றம் நிகழ்ந்தது காட்டப்படுவதைக் காணும் ஆற்றலில், அதாவது பெரியவரிடத்தில்.

இந்திய அளவையியல், அதாவது அறிவுக்குக் கருவிகள் எவை என ஆராயும் துறை, சைகையை எங்கே வைப்பது என்று விவாதித்ததுண்டு. சைகையைத் தனி அளவையாகக் கொள்ள வேண்டும் என்போரை மறுத்து, அது அனுமானத்தில், அதாவது ஊகித்தறிதலில், அடங்கும் என்றார் வைசேடிக ஆசிரியர் பிரசஸ்தபாதர். சொல்லின் வழியாகவும் அனுமானத்தின் வழியாகவுமே அது பயன்தருகிறது என்றார் தருக்க சங்கிரக தீபிகையை இயற்றிய அன்னம்பட்டர். அந்நூலைத் தமிழாக்கிய சிவஞான முனிவரால் இவ்வகைத் தருக்க வழக்குகள் தமிழ்ச் சைவ மாணாக்கரிடையேயும் பயிலப்பட்டன. சைகை சொல்லைச் சார்ந்தே பொருள் தரும் என்ற இக்கருத்து, ஏற்கெனவே பேசத் தெரிந்தவரின் கையசைவுக்குப் பொருந்தும். பேசும் சொல்லை ஒருபோதும் கேளாதவரின் கைமொழிக்கு அது பொருந்தாது. சைகை மொழி பேசும் பெற்றோருக்குப் பிறந்த, காது கேளாத குழந்தைகள், மற்றக் குழந்தைகள் குரலால் மழற்றும் பருவத்திலேயே கைகளால் மழற்றுவதைக் காட்டும் ஆய்வை லாரா ஆன் பெட்டிட்டோவும் பவுலா மாரென்டெட்டும் 1991இல் வெளியிட்டனர். பொருளற்ற, ஆனால் ஒழுங்கமைந்த சிறு அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் அக்கைகள், மொழி தொண்டைக்கு மட்டும் உரியதென்ற நம்பிக்கையைத் தளர்த்திவிட்டன.

இங்கே ஒரு பெரும் அநீதியைச் சொல்லாமல் செல்ல முடியாது. கேட்கும் குழந்தைக்குக் கூடுதல் நலமாகச் சைகை பரிந்துரைக்கப்படும் இதே உலகில், அது உணவைப் போல் இன்றியமையாததாக இருந்த குழந்தைகளுக்கு அது நெடுங்காலம் மறுக்கப்பட்டது. காது கேளாதோர் கல்வியைப் பற்றி மிலான் நகரில் 1880இல் கூடிய மாநாடு, வாய்ப்பேச்சே உயர்ந்தது எனத் தீர்மானித்துப் பள்ளிகளிலிருந்து சைகையை விலக்கப் பரிந்துரைத்தது. அதே மாநாட்டு வரிசையின் பிற்காலக் கூட்டம் 2010இல் வான்கூவரில் கூடி அத்தீர்மானங்களைத் தள்ளி வருத்தம் தெரிவிக்க 130 ஆண்டுகள் ஆயின. இந்திய மரபும் குற்றமற்றதன்று: காது கேளாதவரும் பேசாதவரும் சொத்தில் பங்குபெறத் தகுதியற்றவர் என மனு நூல் விதித்தது, பேசாதவரின் கையறிவைத் தம் வாதத்துக்குச் சான்றாக்கிய இராமானுசரின் உரையும் அதே சமூகத்தில்தான் எழுந்தது.

காது கேளாத குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். அவ்வீடுகளில் ‘வா’, ‘சாப்பிடு’, ‘போகாதே’ என்பவற்றுக்குச் சில கையசைவுகள் தாமாகவே உருவாகிவிடுகின்றன. ஆனால் பாட்டிக்கு ஏன் உடல்நலமில்லை, ஊருக்கு எதற்காகப் புறப்படுகிறோம், நேற்று வந்தவர் யார் என்பவற்றைச் சொல்ல அவை போதுவதில்லை. பிரபாகரர் மரபு வருணித்த ஏவல் மட்டுமே உள்ள மொழியில், ஒரு கோட்பாட்டின் விளைவாக இன்றி, மற்றவர் கல்லாமையின் விளைவாக அக்குழந்தை வாழ நேர்கிறது. செவிக்கருவியோ உட்செவி அறுவை மருத்துவமோ உரிய காலத்தில் கிடைப்பினும், அது பயன்தரும்வரையுள்ள மாதங்கள் சொல்லற்றுக் கழிய வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியைத் தகவல் தொடர்பு வழிகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. 2015இல் தொடங்கப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் அம்மொழிக்கு அகராதி தொகுத்துவருகிறது. அகராதி வீட்டுக்குள் சென்று பேசாது. தேவதத்தனிடம் சொல்லப்பட்டது போன்ற ஒரு செய்தி அக்குழந்தையை அடைய வேண்டுமாயின், பெற்றோரும் உடன்பிறந்தோரும் பாட்டன் பாட்டியரும் காது கேளாத பெரியவர்களிடம் மாணாக்கராக அமர்ந்து, தனிச் சைகைகளைத் தாண்டி முழு மொழியையும் கற்க வேண்டியிருக்கிறது.