கூட்டத்தில் கரைதலும் கூடி வாழ்தலும்

பங்கு இல்லத்தின் திண்ணையில் ஒரு தாய் காத்திருந்தார். கையில் கைப்பேசி, அதில் மகன் அனுப்பியிருந்த ஒரு படம். இருளில் ஆயிரமாயிரம் வண்ண ஒளிப்புள்ளிகள்; நடுவில் கைகளை உயர்த்தியபடி அவருடைய மகன். அபுதாபியில் குளிர்சாதனப் பொறிகளைப் பழுதுபார்க்கும் வேலை அவனுக்கு. 2025 சனவரியில் அந்நகரின் சாயித் விளையாட்டரங்கில் 'கோல்ட்ப்ளே' என்னும் ஆங்கிலேய இசைக்குழு நான்கு இரவுகள் பாடியது. அவற்றுள் ஓர் இரவுக்கு இவனும் சீட்டு வாங்கிப் போயிருக்கிறான்.

"வட்டி கட்டி மாளல சாமி. இவன் அங்கே கூத்துப் பார்க்கப் போயிருக்கான். இது பாவமில்லையா?" என்றார் தாய்.

பணத்தைப் பற்றிய பாதிக் கேள்விக்கு விடை சொல்வது எளிது. கடன் இருக்கும்போதும் நம் ஊரில் சப்பரம் இழுக்கிறோம். வாணவேடிக்கைக்கு வரி கொடுக்கிறோம். உழைக்கிறவனுக்கு ஆண்டில் ஒருநாள் திருவிழா வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். ஆனால் படத்தின் கீழே மகன் எழுதியிருந்த ஒரு வரியைத் தாய் நமக்குக் காட்டினார். "அம்மா, இங்கே வந்த ரெண்டு வருசத்துல அன்னைக்கு ஒரு ராத்திரிதான் நான் தனியா இல்ல." அந்த வரிக்கு நம்மால் உடனே விடை சொல்ல முடியவில்லை.

ஓர் அறையில் எட்டுப் பேர் படுத்துறங்கியும் தனிமை தீராத வாழ்க்கை அயலகத் தொழிலாளியின் வாழ்க்கை. அவனுக்கு அந்த ஊரில் வேலை உண்டு, அனுமதிச் சீட்டு உண்டு, உறவு இல்லை. அப்படிப்பட்டவன் பல்லாயிரம் பேரோடு நின்று ஒரே பாட்டைப் பாடுகிறபோது, அந்த மூன்று மணி நேரத்துக்கு அவன் அந்நியன் அல்லன். இந்த உறவு மெய்யா, மயக்கமா? தாய் கேட்ட கேள்விக்குள் மறைந்திருந்த கேள்வி இதுவே என்று நமக்குத் தோன்றியது.

பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே இக்கேள்வியோடு போராடியவர் புனித அகுஸ்தினார். அவருடைய 'அறிக்கைகள்' நூலில் இரண்டு காட்சிகள் உண்டு. இரண்டிலும் வருகிறவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து இத்தாலிக்குப் போன அயலார் என்பதை நாம் கவனிப்பதில்லை.

முதற் காட்சி உரோமையில் நிகழ்கிறது. அகுஸ்தினாரின் நண்பர் அலிப்பியுஸ் சட்டம் பயில அங்கே வந்தவர். வாட்போர் வீரர்கள் ஒருவரையொருவர் வெட்டி மாயும் அரங்கக் காட்சியை அவர் வெறுத்தார். உடன் பயின்றோர் ஒருநாள் அவரை வலிந்து இழுத்துச் சென்றார்கள். 'உடலைத்தானே இழுத்துப் போகிறீர்கள். உள்ளம் அங்கே வராது' என்ற துணிவோடு, அரங்கில் கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்தார் அவர். காதுகளை மூடிக்கொள்ளவில்லை. ஒரு வீரன் விழுந்தபோது மக்கள் எழுப்பிய பேரொலி அவர் கண்களைத் திறந்துவிட்டது. கண்டார், அந்தக் குருதியின் வெறியைக் குடித்தார். வந்தபோது இருந்த மனிதராக அவர் அப்போது இல்லை, கூட்டத்தில் ஒருவராகிவிட்டார். பின்னர் பிறரையும் அங்கே இழுத்துச் செல்லத் தொடங்கினார்.

இரண்டாம் காட்சி மிலான் நகரில் நிகழ்கிறது. 386-ஆம் ஆண்டு பேரரசி யுஸ்தினா ஆரியக் கொள்கையினர்க்காக ஓர் ஆலயத்தைக் கேட்டபோது, ஆயர் அம்புரோசியாரோடு மக்கள் ஆலயத்திலேயே இரவும் பகலும் தங்கினார்கள். அவர்கள் துயரத்தில் சோர்ந்துவிடக் கூடாது என்று கீழைநாட்டு முறைப்படி சங்கீதங்களையும் பாடல்களையும் கூடிப் பாடும் வழக்கம் அங்கே தொடங்கியது. அகுஸ்தினாரின் தாய் மோனிக்காவும் அக்கூட்டத்தில் இருந்தார். அடுத்த ஆண்டு திருமுழுக்குப் பெற்ற அகுஸ்தினார், அப்பாடல்களைக் கேட்டுக் கேட்டு அழுததாக எழுதுகிறார். அவருடைய இலத்தீன் உச்சரிப்பை இத்தாலியர் குறை சொன்ன காலம் அது. நாக்கால் அந்நியராக இருந்தவர் பாட்டால் அந்த ஊர்க்காரர் ஆனார்.

ஒரு கூட்டம் ஒருவரை அவரிடமிருந்து பறித்தது; இன்னொரு கூட்டம் ஒருவரை அவருக்கே மீட்டுத் தந்தது. இரண்டிலும் மனிதர் தம்மை மறந்தார்கள். இரண்டிலும் ஒலிதான் கதவைத் திறந்தது. அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? ஒன்று கொலைக்களம், மற்றது ஆலயம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இன்றைய இசையரங்கு கொலைக்களமும் அன்று, ஆலயமும் அன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த வெளியில் ஓர் இரவு நாமும் நின்றிருக்கிறோம். அந்த இரவைப் பற்றி இதுவரை நாம் எழுதியதில்லை.

1997-ஆம் ஆண்டு. நாம் உரோமையில் இறையியல் மேற்படிப்பில் இருந்தோம். செப்டம்பர் 18, வியாழக்கிழமை. நகரின் வடபுறத்திலுள்ள ஊர்பே என்னும் சிறு விமானத் தளத்தில் அயர்லாந்தின் 'யூ-டூ' குழுவினர் பாடினார்கள். உடன் பயின்ற போலந்து நாட்டுக் குரு ஒருவர் நம்மை அழைத்துப் போனார். அலிப்பியுஸைப் போல நாம் மறுத்ததாகப் பொய் சொல்லமாட்டோம். வானளாவிய மஞ்சள் வளைவு ஒன்று, மாளிகையளவு ஒளித்திரை, கண்ணாடி பதித்த எலுமிச்சை வடிவில் ஒரு பெருங்கூடு. அங்காடிப் பண்பாட்டை எள்ளி நகையாடுவதே அந்த மேடையின் நோக்கம் என்றார்கள். அந்த எள்ளலைக் காணவும் பணம் கட்டித்தான் உள்ளே போனோம்!

முதலில் அந்த இரைச்சல் நெஞ்சுக்கூட்டை உலுக்கியது. அரைமணி நேரத்தில் அது இரைச்சலாக இருக்கவில்லை. பக்கத்தில் ஒரு கரிய இளைஞர். நம்மைப் போன்ற முகம். கூட்டம் நெருக்கியபோது அவர் கை நம் தோள்மேல் விழுந்தது. நம் கையும் அவர் தோளுக்குப் போயிற்று. மொழி சரியாகப் புரியாத ஒரு பல்லவியை இருவரும் உரக்கப் பாடினோம். குருத்துவம் பெற்று வீட்டைப் பிரிந்த பிறகு, நம்மை யாரும் மதிப்பின் பொருட்டன்றித் தோழமையின் பொருட்டுத் தொட்டது அன்றுதான் என்று பின்னர் உணர்ந்தோம்.

பாட்டு முடிந்து வெளியேறும் வழியில் உடைந்த இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டோம். அவர் இலங்கையில் வென்னப்புவையைச் சேர்ந்தவர், கத்தோலிக்கர், சிங்களவர். உரோமையில் ஒரு முதியவளைப் பராமரிக்கும் வேலை. இத்தாலியில் வீட்டு வேலை செய்வோர்க்கு வியாழன் பிற்பகல் ஓய்வு. அதனால் வர முடிந்தது. நாம் தமிழர் என்றோம். அவர் நடை சற்றே தயங்கியது. பிறகு, தம் அண்ணன் படையில் இருப்பதாகவும், வன்னிக்கு அனுப்பப்பட்டிருப்பதாகவும் சொன்னார். அந்த ஆண்டு மே மாதந்தான் 'ஜெயசிக்குறு' படை நடவடிக்கை அங்கே தொடங்கியிருந்தது. நாமோ திருத்தொண்டராக இருந்தபோது மண்டபம் முகாமில் படகிறங்கி வந்த ஏதிலியரின் கைகளைப் பிடித்தவர்கள். இருவரும் சிறிது தூரம் பேசாமல் நடந்தோம். பேருந்து நிறுத்தத்தில் அவர் நம் சீட்டின் பின்புறம் ஒரு தொலைபேசி எண்ணை எழுதித் தந்தார். "வியாழக்கிழமைகளில் கூப்பிடுங்கள்" என்றார்.

நாம் கூப்பிடவில்லை.

தேர்வு இருந்தது, நேரமில்லை என்றெல்லாம் அப்போது நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். உண்மை வேறு. இருளில் எளிதாக இருந்தது பகலில் கடினமாக இருந்தது. படைவீரனின் தம்பியோடு ஒரு மேசையில் அமர்ந்தால் அவனுடைய அச்சத்தையும் நாம் கேட்க வேண்டும். நாம் முகாமில் கண்டவற்றை அவனும் கேட்க வேண்டும். பாட்டு அந்த விலையை நம்மிடம் கேட்கவில்லை. உறவு கேட்டது, நாம் கொடுக்கவில்லை.

அந்த இரவுக்கு ஐந்து நாள் கழித்து, செப்டம்பர் 23 அன்று, அதே குழுவினர் சரயேவோ நகரில் பாடினார்கள். 1992 முதல் 1996 வரை முற்றுகைக்குள் கிடந்த நகரம் அது. ஏறத்தாழ நாற்பத்தைந்தாயிரம் பேர் கூடினார்கள். அந்நிகழ்ச்சிக்காகப் போருக்குப் பின் முதன்முறையாக வெளியூர்களிலிருந்து இரயில் விடப்பட்டது. பகைத்து நின்ற இனங்களின் பிள்ளைகள் ஒரே திடலில் நின்றார்கள். முதன்மைப் பாடகர் போனோவுக்கு அன்று தொண்டை கட்டிக்கொண்டது. அவர் விட்ட இடத்தை மக்களே பாடி நிரப்பினார்கள். அந்த ஒரு பாட்டு அந்த நாட்டை ஒட்டவைத்துவிடவில்லை. அதன் அரசியல் இன்றும் இனவழியே பிரிந்து நிற்கிறது. எனினும் அந்த இரவு பொய்யென்று சொல்ல யாருக்கு மனம் வரும்? சேர்ந்து நிற்க முடியும் என்பதை அவர்கள் ஒருமுறை தம் உடலாலேயே அறிந்தார்கள். ஒருமுறை அறிந்ததை மனிதர் முழுவதும் மறந்துவிடுவதில்லை.

மேலும் நான்கு நாள் கழித்துப் பொலோஞ்ஞா நகரின் நற்கருணை மாநாட்டில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் முன்னிலையில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் பாடினார். காற்றில் விடை இருப்பதாகச் சொல்லும் அவருடைய புகழ்பெற்ற பாடலை எடுத்துக்கொண்டு, அந்தக் காற்று தூய ஆவியாரின் மூச்சு என்று இளைஞரிடம் விளக்கினார் திருத்தந்தை. கர்தினால் இராட்சிங்கர் இதை ஏற்கவில்லை. இத்தகைய 'இறைவாக்கினரை' அந்த மேடையில் ஏற்றியது சரிதானா என்ற ஐயம் தமக்கு அன்றும் இருந்தது, இன்னும் ஒருவகையில் இருக்கிறது என்று, தாம் திருத்தந்தையான பிறகு 2007-இல் வெளிவந்த நூலொன்றில் அவர் எழுதினார். அதற்கு முன்பே, 2000-இல் வெளிவந்த தம் திருவழிபாட்டு நூலில், பேரொலியாலும் ஒளியாலும் மனிதர் தம்மை இழந்து கூட்டத்தில் கரைவது வழிபாட்டுக்கு எதிரான ஒரு வழிபாடு என்று எச்சரித்திருந்தார்.

இருவரும் திருச்சபையின் பெருமக்கள். இருவரில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளும் தேவை நமக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. ஒருவர் அந்தத் திடலில் மிலானைக் கண்டார். மற்றவர் அலிப்பியுஸின் அரங்கைக் கண்டார். திடலில் இரண்டும் இருக்கின்றன. பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் இனிமை தம்மை மிகுதியாக ஆட்கொண்டால் அது தம் குற்றம் என்று அகுஸ்தினாரே தம்மைக் கடிந்துகொண்டார். ஆயினும் பாட்டை ஆலயத்தை விட்டுத் துரத்திவிட அவர் மனம் ஒப்பவில்லை.

ஆகவே நாம் கண்டடைந்த அளவுகோல் ஒன்றைச் சொல்கிறோம். கூட்டத்துக்குள் நிகழ்வதைக் கொண்டு கூட்டத்தை அளக்க முடியாது. உள்ளே எல்லாருமே உருகித்தான் நிற்கிறோம். வெளியே வந்த பிறகுதான் அளக்க முடியும். அலிப்பியுஸ் மறுபடியும் அரங்குக்கே ஓடினார். அந்த வெறிக்கு அதுவன்றி வேறு போக்கிடமில்லை. மிலானில் பாடியவர்கள் பாட்டு முடிந்தும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருந்தார்கள். விடியலில் உணவும் அச்சமும் அவர்களுக்குப் பொதுவாக இருந்தன. கூட்டத்தில் கரைகிறவனுக்கு அருகில் நிற்பவனின் முகம் தேவையில்லை. கூடி வாழ்கிறவனுக்கு அந்த முகம் வேண்டும், பெயர் வேண்டும், மறுநாளும் வேண்டும்.

அபுதாபியிலிருந்து வந்த படத்தை மறுபடியும் பார்த்தோம். அந்த ஒளிப்புள்ளிகள், இசைக்குழுவினர் வாயிலில் ஒவ்வொருவர்க்கும் தருகிற கைப்பட்டையிலிருந்து வருபவை. எங்கிருந்தோ வரும் குறிப்புக்கு ஏற்ப எல்லாக் கைகளும் ஒருசேரச் சிவக்கின்றன, ஒருசேர நீலமாகின்றன. முடிந்ததும் பட்டையைத் திருப்பித் தந்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறார்கள். நாம் குறைசொல்ல இதை எழுதவில்லை. இரவல் ஒளியும் ஒளிதான். இரண்டாண்டு இருட்டில் இருந்தவனுக்கு அது பெரிது. ஆனால் அந்தப் பட்டையைத் திருப்பித் தந்தபின் வெறுங்கையோடு அறைக்குத் திரும்பினானா, ஒரு மனிதனோடு திரும்பினானா என்பதே கேள்வி.

தாயிடம், "பாவம் என்று சொல்லமாட்டோம், அம்மா" என்றோம். "கடனைப் பற்றி எழுதுங்கள், அவனுக்கும் அது தெரியட்டும். கடிந்து எழுதாதீர்கள். இன்னொன்றும் கேளுங்கள். அன்றிரவு அவன் பக்கத்தில் நின்று பாடியவர் யார், எந்த ஊர், பெயர் என்ன என்று கேளுங்கள். தெரியாது என்றால், அடுத்தமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்."

தாய் தலையசைத்துப் போனார். நாம் உள்ளே வந்து பழைய செப நூலைத் திறந்தோம். 1997-ஆம் ஆண்டின் அந்தச் சீட்டு இன்னும் அதற்குள் இருக்கிறது. பின்புறத்தில் எண் மங்கிவிட்டது. அவருடைய பெயரை இரைச்சலில் நாம் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் வன்னியிலிருந்து திரும்பினாரா என்பதும் தெரியாது. திருப்பலியில் உயிருள்ளோர்க்காகவும் இறந்தோர்க்காகவும் மன்றாடும் இடம் வரும்போது, இரண்டில் எந்த இடத்தில் அவ்விருவரையும் வைப்பது என்று அறியாமல், இரண்டிலும் வைத்து மன்றாடுகிறோம்.